மட்டக்களப்பில் மாநாடா? மண்டபம் எந்த ஊரில் என்று முதலில் பாருங்கள்

மட்டக்களப்புக்கு ஆய்வு மாநாட்டுக்கென்று கொழும்பிலிருந்து தனியாகப் போய், போன அன்று இரவே தங்க இடமில்லாமல் நடுத்தெருவில் நின்றவள் நான். கட்டுரை வாசித்தேன், சான்றிதழும் கையில் இருக்கிறது. ஆனால் திட்டமிட்ட செலவுக்கு மேலே நாற்பதாயிரம் ரூபா வரை போய்விட்டது. காசைவிட அந்த இரவு பட்ட பயம்தான் இன்னும் மனதில் கிடக்கிறது. போவதற்கு முன் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. கிழக்குக்கு முதல் தடவை போகப்போகும் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், அதிலும் தனியாகப் போகும் பெண்பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மாநாடு நடந்தது வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில். அழைப்புக் கடிதத்தில் விலாசம் தெளிவாக இருந்தது. வந்தாறுமூலை மட்டக்களப்பு நகரத்திலிருந்து வடக்கே திருகோணமலை வீதியில் ஏறக்குறைய 17 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து ஹபரணை, பொலன்னறுவை வழியாக வரும் பஸ், ஓட்டமாவடிப் பாலம் தாண்டி, வாழைச்சேனை, கிரான், சந்திவெளி, சித்தாண்டி, மாவடிவேம்பு என்று வந்து, வளாக வாசலைக் கடந்த பிறகுதான் செங்கலடி, ஏறாவூர், நகரம் என்று போகும். அதாவது நகரத்துக்குப் போகும் முன்பே வந்தாறுமூலை வந்துவிடும். நான் அறை எடுத்திருந்தது நகரத்தில். அங்கேதான் விடுதிகள் கூட, காலையில் பஸ்ஸும் தாராளம் என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். ஒரு மாதத்துக்கு முன்பே போனில் பேசி, ஆறாயிரம் ரூபா முற்பணத்தை வங்கியில் போட்டு, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, "சரி மிஸ், றூம் உங்களுக்குத்தான்" என்ற பதிலும் வாங்கி வைத்திருந்தேன்.

புறக்கோட்டையில் காலையில் ஏறிய தனியார் பஸ் தம்புள்ளை தாண்டிய பிறகு பழுதாகி நின்றது. வேறு பஸ் வரும் வரும் என்று வெயிலில் வீதியோரத்தில் காத்திருந்து பின்னேரமாகிவிட்டது. வந்த பஸ்ஸில் இருக்கை இல்லை. பொலன்னறுவை வரை நின்றுகொண்டே வந்தேன். வெலிகந்தை, புணானைப் பக்கம் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. வந்தாறுமூலையில் வளாகத்து வாசல் விளக்கு தெரிந்தது. நாளைக்குக் காலையில் இங்கேதானே வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டே போனேன். நகரத்தில் இறங்கும்போது இரவு எட்டரை.

விடுதிக்குப் போனால் முதலாளி வாசலுக்கே வந்து நின்றார். "மிஸ், குறை நினைக்காதீங்க. கனடாவால வந்த குடும்பம் ஒண்டு, மாமாங்கத் தீர்த்தம் முடியுமட்டும் எல்லா றூமையும் எடுத்திட்டாங்க. நீங்க லேட் ஆனதால வரமாட்டீங்கண்டு நினைச்சம்." பஸ் பழுதான நேரத்திலேயே நான் அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அதை அவர் பார்த்ததற்கான அடையாளமும் என் போனில் இருந்தது. அதைக் காட்டியும் பயனில்லை. முற்பணத்தை "மறுகா" (பிறகு) தருவதாகச் சொன்னார். எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது. ஆனால் அந்த நேரத்தில் சண்டை போட்டு என்ன செய்வது? அறைக்குள் ஆட்கள் படுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். மட்டக்களப்பில் அறைக்குத் தட்டுப்பாடு வரும் காலம் ஆடிதான். அமிர்தகழியில் இருக்கும் மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூட விடுமுறை விட்டிருக்கும் காலமும் அதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு ஊருக்கு வருவார்கள், கல்யாணம் சாமத்தியவீடு எல்லாவற்றையும் அந்த நாட்களில்தான் வைப்பார்கள். வடக்கே இருக்கும் பாசிக்குடாக் கடற்கரையிலும் கடல் அடங்கியிருக்கும் காலம் அது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து விலை ஏறும், வாக்கு மாறும். உங்கள் மாநாட்டுத் திகதி ஆடி அமாவாசைக்குக் கிட்டவா என்று நாட்காட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு அறையைப் பேசுங்கள். கிட்ட என்றால் முழுக் காசையும் கட்டி, பெயரும் திகதியும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். பாதிக் காசு கட்டியவரை விட்டுவிட்டு முழுக் காசு தருபவருக்குக் கொடுத்துவிடுவது அந்த நாட்களில் நடக்கும். புறப்படுவதற்கு முதல் நாளும், பஸ் ஏறிய பிறகும் போனில் வாயால் பேசி உறுதி செய்யுங்கள். எழுதி அனுப்பிய செய்தியைப் பார்த்தும் பாராமல் இருந்துவிடலாம். பேசியதை அவ்வளவு எளிதில் மறுக்க மாட்டார்கள்.

அடுத்ததாக நடந்ததைச் சொல்ல எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த விடுதிகளில் கேட்டேன். ஒன்றில் அறை இல்லை என்றார்கள். இன்னொன்றில் அறை இருந்தது, சாவி பலகையில் தொங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது. "யாரோட வந்தனீங்க?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். தனியாக, மாநாட்டுக்கு என்றேன். அடையாள அட்டை, அழைப்புக் கடிதம் எல்லாம் காட்டினேன். "தனிய வாற பொம்பிளையளுக்கு நாங்க குடுக்கிறல்ல" என்று சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் ஒருத்தியை அவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். வெட்கப்பட வேண்டியவள் நான் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் முகம் எரிந்தது. தனியாகப் போகும் பெண்கள் அறை பேசும்போதே "நான் தனியாகத்தான் வருகிறேன், கொடுப்பீர்களா?" என்று நேரே கேட்டுவிடுங்கள். அதைக் கேட்க வேண்டியிருப்பது அநியாயம்தான். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு வாசலில் வைத்துக் கேட்கப்படுவதைவிட, பகலில் வீட்டில் இருந்துகொண்டு தெரிந்துகொள்வது மேல்.

வீதியோரத்தில் ஓட்டோவோடு நின்ற வயசாளி ஒருவர் கிட்ட வந்தார். "மகள், இந்த நேரத்தில இப்பிடி நிக்காதீங்க. எங்க போகோணும்?" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவர் தன் போனில் தெரிந்த இடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். பாலத்துக்கு அப்பால் இருக்கும் கல்லடியிலும் இல்லை. கடைசியில் இணையத்தில் தேடியபோது பாசிக்குடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் ஓர் அறை மிஞ்சியிருந்தது, ஓர் இரவுக்கு 28,000 ரூபா. வேறு வழியில்லாமல் எடுத்தேன். ஓட்டோவுக்கு 5,000 கேட்டார். இரவில் முப்பத்து நாலு, முப்பத்தைந்து கிலோமீற்றர் போய் வெறுமையாகத் திரும்ப வேண்டும், அதற்கு அது நியாயமான கூலி. ஏறும் முன் ஓட்டோ இலக்கத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவரே, "நல்ல வேலை, அனுப்புங்க" என்றார். வந்த வழியே திரும்பி, ஏறாவூர், செங்கலடி, அந்த வளாக வாசல் எல்லாவற்றையும் மறுபடி கடந்து, வாழைச்சேனையால் கிறுகி, பாசிக்குடாவுக்குப் போய்ச் சேர இரவு பத்தரை தாண்டிவிட்டது.

இணையத்தில் 'மட்டக்களப்பு' என்று தேடினால் பாசிக்குடா ஹோட்டல்களும் சேர்ந்தே வரும். நகரத்திலிருந்து வருவதென்றால் அது தூரம். ஆனால் வந்தாறுமூலை நடுவில் இருப்பதால், அங்கே மாநாடு என்றால் பாசிக்குடாவும் நகரமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். காசு இருந்து, கூட்டமாகப் போய், வான் வண்டியும் பிடித்திருந்தால் பாசிக்குடா நல்ல இடம். இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். தனியாகப் போகிறவருக்கு அது சரிவராது. பிரதான வீதியில் பஸ் பிடிக்கவே வாழைச்சேனைச் சந்திக்கு வரவேண்டும், அதற்கு உள்ளே ஓடும் பஸ்ஸும் குறைவு. காலை அமர்வுக்கு நேரத்துக்குப் போக வேண்டும் என்று நான் ஹோட்டலிலிருந்து வளாகம் வரை ஓட்டோ பிடித்தேன், அதற்கு இன்னொரு 3,000. ஹோட்டல் வாசலில் நிற்கும் ஓட்டோக்கள் சந்தியில் நிற்பவற்றைவிடக் கூடத்தான் கேட்கும். மீற்றர் கிடையாது, ஏறும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கொழும்பில்போல போனில் அழுத்தினால் வண்டி வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். நல்ல ஓட்டோக்காரர் ஒருவர் கிடைத்தால் அவர் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முழு நாட்களுக்கும் அவரே போதும்.

நித்திரை இல்லாமல் கட்டுரை வாசித்தது எப்படி என்று கேட்காதீர்கள். தந்த பதினைந்து நிமிடத்தையும் பேசினேன், ஆனால் என்ன கேள்வி கேட்டார்கள், என்ன பதில் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. பல மாதம் உழைத்த வேலை அது. அந்த இழப்பை ரூபாவில் சொல்ல முடியாது. முதல் நாளே பேச வேண்டியவர்கள், கட்டாயம் அதற்கு முந்தின நாள் வெளிச்சத்தோடு போய்ச் சேருகிற மாதிரிப் புறப்படுங்கள். முடிந்தால் இன்னும் ஒரு நாள் முன்னதாக.

தேநீர் இடைவேளையில் என் முகத்தைப் பார்த்து அங்குள்ள விரிவுரையாளர் ஒருவர் விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. செங்கலடியில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வீட்டு மேல்மாடியில் ஓர் அறை, காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 3,000 ரூபா. ரீச்சர் வாசலுக்கு வந்து, "வாங்க புள்ள, முதல்ல முகத்தக் கழுவிட்டுச் சாப்பிடுங்க" என்றார். புட்டும் மீன்குழம்பும், பிறகு எருமைத் தயிரும் தந்தார். அன்று இரவு நான் நித்திரை கொண்டதுபோல வாழ்க்கையில் எப்போதும் கொண்டதில்லை. இப்படியான வீட்டு அறைகள் செங்கலடி, ஏறாவூர், வந்தாறுமூலைப் பக்கம் இருக்கின்றன, ஆனால் இணையத்தில் தேடினால் கிடைக்காது. வளாகத்தில் வேலை செய்கிறவர்களிடம், அங்கே படித்த மாணவர்களிடம் கேட்டால்தான் தெரியும். மாநாட்டுக் கடிதத்தில் இருக்கும் தொடர்பாளருக்கு முன்கூட்டியே எழுதி, "கிட்ட தங்க நம்பகமான வீடு இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், அந்த ஊர்ச் சனம் விருந்தாளியைக் கைவிடும் சனம் இல்லை. செங்கலடி பெரிய சந்தி, வங்கி, மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் உண்டு. பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா வழியாக வரும் வீதி வந்து சேருவதும் அந்தச் சந்தியில்தான். ஆகவே மலையகத்திலிருந்து அந்த வழியால் வருகிறவர்கள் நகரத்துக்குப் போகாமலே அங்கே இறங்கிவிடலாம்.

எல்லா மாநாடும் வந்தாறுமூலையில் நடப்பதில்லை. இசை, நடனம், நாடகம் சார்ந்தவை பெரும்பாலும் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடக்கும். அப்படியென்றால் தங்குவதும் கல்லடியிலேயே. நகரத்திலிருந்து பாலம் தாண்டினால் கல்லடி, கடற்கரைப் பக்கம் விடுதிகள் நிறைய இருக்கின்றன. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு வாகனமெல்லாம் புதியதால் போகிறது. விடியக்காலையில் பழைய பாலத்தில் நடந்து வாவியைப் பார்ப்பதற்காகவே நான் அங்கே போய் வந்தேன். மருத்துவம் சார்ந்தது என்றால் பிள்ளையாரடியிலுள்ள பீடமாக இருக்கும், அது நகரத்துக்குக் கிட்ட, திருகோணமலை வீதியில். அதற்கு நகரத்திலேயே தங்கலாம். கோட்டை, பழைய பள்ளிக்கூடங்கள் எல்லாம் இருக்கும் புளியந்தீவில் கூட்டம் என்றாலும் அப்படித்தான்.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மாநாட்டுக்குப் போன என் சிநேகிதி பட்ட பாடு என்னுடையதைவிட அதிகம். ஒலுவில் அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது என்பதால் அவளுக்கு ஒருவர் அம்பாறை நகரத்தில் அறை எடுத்துக் கொடுத்துவிட்டார். அம்பாறை நகரம் உள்ளே, வயலெல்லாம் தாண்டி. ஒலுவில் கடற்கரைப் பக்கம், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில், பிரதான வீதியோரத்தில். தங்குவதென்றால் கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று பாருங்கள். அறுகம்பேயும் அதே மாவட்டம்தான், ஆனால் பொத்துவிலுக்கும் அப்பால், போகவே முடியாத தூரம். கோச்சி (ரயில்) மட்டக்களப்போடு முடிந்துவிடும். அங்கிருந்து தெற்கே காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை வழியாக அக்கரைப்பற்று பஸ் பிடிக்க வேண்டும். கொழும்பிலிருந்து நேரே அக்கரைப்பற்று போகும் பஸ்களும் உண்டு. அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக்கடை திறக்காது. மாநாட்டில் சாப்பாடு தருகிறார்களா என்று அந்த நாட்களில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலநிலையையும் யோசிக்க வேண்டும். ஆடியில் போனால் கச்சான் காற்று, மத்தியானத்தில் தோல் எரியும் வெயில். அறை பேசும்போது ஏசியோடு எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சில இடங்களில் சொல்லும் விலை ஏசி போடாத விலை, ரிமோட்டைக் கேட்டால் மேலே காசு. கார்த்திகை, மார்கழியில் போனால் நேர்மாறு. வடகீழ்ப் பருவமழை கொட்டும், வெள்ளம் வந்தால் வீதியும் தண்டவாளமும் தடைப்படும். அந்த மாதங்களில் திரும்பும் நாளை இறுக்கிப் போடாமல் ஒரு நாள் இடம் விடுங்கள். நுளம்பு எந்தக் காலத்திலும் உண்டு. அறையில் வலை இருக்கிறதா என்று பாருங்கள், சுருளோ பூசும் களிம்போ கொண்டு போங்கள்.

ரசீது விஷயத்தில் எனக்கு இன்னொரு அடி விழுந்தது. எங்கள் நிறுவனம் பயணச் செலவைத் திருப்பித் தரும், ஆனால் தலைப்பும் கையொப்பமும் உள்ள ரசீது வேண்டும். பாசிக்குடா ஹோட்டல் ரசீது தந்தது, ஆனால் ஓர் இரவுக்கு நிறுவனம் வைத்திருக்கும் உச்ச எல்லையைவிட அது மிக அதிகம். மிச்சம் என் தலையில். ஓட்டோக்காசில் ஒரு ரூபாவும் வரவில்லை. பிறகுதான் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா சொன்னார், ஓட்டோ இலக்கம், திகதி, எங்கிருந்து எங்கே, தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநரிடம் கையொப்பம் வாங்கியிருந்தால் ஏதோ கொஞ்சம் தந்திருக்கலாமாம். போகும் முன்பே உங்கள் அலுவலகத்தில் எதற்கு என்ன தாள் வேண்டும் என்று கேட்டு, ஒரு சின்னக் கொப்பியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு அறையில் தங்கினாலும் கையெழுத்து ரசீது கேளுங்கள். ரீச்சர் தயங்காமல் எழுதித் தந்தார், அது ஏற்கப்பட்டது.

விமானத்தைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். திமிலைதீவில் சிறு விமான நிலையம் இருக்கிறது, ஆனால் நம் போன்றவர்கள் கணக்கில் எடுக்கும் வழி அது இல்லை. நான் திரும்பியது கோச்சியில். பகலில் ஓடும் உதயதேவியும் இரவுக் கோச்சியும் மட்டக்களப்புக்கும் கொழும்பு கோட்டைக்கும் இடையே ஓடுகின்றன. கல்லோயாச் சந்தி, பொலன்னறுவைப் பக்கம் யானை குறுக்கிடும் என்பதால் சில இடங்களில் மெதுவாகத்தான் போகும். எட்டு ஒன்பது மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கால் நீட்டலாம், கழிப்பறை இருக்கிறது, பெண்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. முன்பதிவு முப்பது நாளுக்கு முன் திறக்கும், மாநாட்டுத் திகதி தெரிந்தவுடன் போக வர இரண்டையும் பதியுங்கள், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வந்தாறுமூலைக்குப் போகிறவர்கள் நகரம் வரை போகாமல் ஏறாவூரில் இறங்கினால் கிட்ட. அவசரத்துக்கு பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இவற்றை ஏறும் முன்பே போனில் பதிந்துவிடுங்கள்.

முற்பணத்தைக் கேட்டு அந்த விடுதிக்காரருக்கு வீட்டுக்கு வந்த பிறகும் போன் எடுத்துக்கொண்டே இருந்தேன். முதலில் போனை எடுக்கவில்லை. வங்கிப் பற்றுச்சீட்டையும் அவர் அனுப்பிய பதிலையும் ஒன்றாக இணைத்து, பொலிஸில் முறைப்பாடு எழுதப் போவதாகச் சொல்லிக் கடிதம் அனுப்பிய பிறகு நாலாயிரம் வந்தது. மிச்சம் இரண்டாயிரத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை. அடுத்த வருடமும் அதே மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியிருக்கிறேன். ஏற்றுக்கொண்டால் தங்குவதற்கு ரீச்சர் வீட்டு அறையை இப்போதே பேசி வைத்துவிட்டேன். பக்கத்து அறையும் காலியாக இருக்குமாம், தனியாக வரும் பெண்கள் யாராவது இருந்தால் தனக்குச் சொல்லும்படி ரீச்சர் சொன்னார்.